அன்னாசி இல்லாத அன்னாசிப் பெட்டி

அனுப்புநர்:
துங் போ-ஷெங்,
நிதியியல் துறை, நான்காம் ஆண்டு,
இளநிலை மாணவர் ஆய்வுத் திட்டம் எண் 27,
யூன்ஹே பல்கலைக்கழகம், சியாயி.

பெறுநர்:
முனைவர் லியேன் ஹுய்-ஃபாங் அவர்கள்,
கல்வி விவகார முதல்வர்,
யூன்ஹே பல்கலைக்கழகம், சியாயி.

பொருள்: செவிலியர் துறை மாணவி ஃபான் யி-ரோவின் மருத்துவமனைப் பயிற்சி மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யவும், ஏப்ரல் 17 அன்று நடந்த தவற்றை உரியவன் பெயருக்கு மாற்றவும் வேண்டி.

பார்வை: பல்கலைக்கழக மருத்துவமனை அவசரப் பிரிவின் நிகழ்வு அறிக்கை, நாள் 17.4.114 (குடியரசு ஆண்டுக் கணக்கில்).

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் மேலே கண்ட ஆய்வுத் திட்டத்தின் மூன்று மாணவர்களில் ஒருவன். மற்ற இருவர் மேலாண்மைத் துறையின் ஷ்யே ஜுன்-காயும் செவிலியர் துறையின் ஃபான் யி-ரோவும். நலம், மேலாண்மை, நிதி என்ற மூன்று துறை மாணவர்களும் சேர்ந்து ஒரே கேள்வியை ஆராய வேண்டும் என்பது தங்கள் அலுவலகம் வகுத்த விதி. அப்படி ஒரு கேள்வி கிடைக்காமல் நாங்கள் ஆறு வாரம் அலைந்தோம். கடைசியில் அது ஒரு தட்டில் கிடைத்தது.

2. அன்னாசியை நம் பேச்சில் ஓங்லாய் என்கிறோம். அதுவே 'பெருகி வா' என்றும் காதில் விழும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே பங்குத் தரகு அலுவலகத்தில் வாசலிலேயே காகித அன்னாசியைத் தொங்கவிடுகிறார்கள். ஜுன்-காய் பகுதிநேரமாக வேலை பார்க்கும் குளிர்தேநீர்க் கடையில் கல்லா அருகே நிஜப் பழமே இருக்கிறது. ஆனால் அவசரப் பிரிவில் அந்தப் பழத்தின் பெயரைச் சொன்னாலே முறைக்கிறார்கள், ஏனென்றால் அங்கே பெருகி வரக்கூடியவர்கள் நோயாளிகள். ஒரே பழம், ஒரே சொல், மூன்று இடம். இது உண்மையிலேயே ஆட்களை வரவழைக்கிறதா, இல்லையா? இதை எண்ணிப் பார்த்தவர் யாராவது உண்டா என்று தேடினோம். எங்கள் கைக்கு எதுவும் அகப்படவில்லை. அந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இம்மனுவில் எழுதுவது முறையாகாது என்றாலும், ஏற்பட்டது.

3. அனுமதிக்கப்பட்ட முறை பின்வருமாறு. கடையிலும் தரகு அலுவலகத்திலும், சீட்டுக் குலுக்கலில் விழும் நாள்களில் மட்டும் ஒரு பெட்டி அன்னாசி கேக் திறந்து வைக்கப்படும். அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணப்படும். அவசரப் பிரிவுக்குள் நாங்கள் எதையும் கொண்டுபோகக் கூடாது. நோயாளிகளின் உறவினர் தாமாகவே கொண்டுவந்து கொடுக்கும் பழத்தையும் பலகாரத்தையும் யி-ரோ குறித்து வைப்பாள், அவ்வளவுதான். தலைமைச் செவிலியர் கான் அவர்கள் இதற்கு ஒப்புதல் அளித்தபோது சொன்னது என் குறிப்பேட்டில் உள்ளது: "எண்ணிக்கோங்க, எழுதிக்கோங்க. ஆனா அந்தப் பேர என் வார்டுல வாய்விட்டுச் சொல்லக் கூடாது. 'மஞ்சள் பழம்'னு எழுதுங்க." அப்படியே எழுதினோம்.

4. பிப்ரவரி 24 முதல் முப்பத்தாறு வேலை நாள்கள் எண்ணினோம். முப்பத்தாறாவது நாள் ஏப்ரல் 17, வியாழக்கிழமை. அன்று சீட்டு தரகு அலுவலகத்துக்கு விழுந்திருந்தது. பன்னிரண்டு துண்டுகள் கொண்ட ஒரு பெட்டியை யூ என்ற பெரியவரின் பேக்கரியில் வாங்கிக்கொண்டு, போகிற வழியில் யி-ரோவிடம் வாரக் கணக்குத் தாள்களை வாங்கலாம் என்று மருத்துவமனைக்குப் போனேன். மணி மூன்றே கால். தாள்கள் கனமாக இருந்தன. அவற்றைச் சரிபார்ப்பதற்காகப் பெட்டியை அவசரப் பிரிவின் முகப்பு மேசை மேல் வைத்தேன். சரிபார்த்தேன். முந்தைய செவ்வாயன்று 'மஞ்சள் பழம்' வந்தும் நோயாளிகள் குறைவாக வந்திருந்ததைக் கண்டு, அதையே யோசித்துக்கொண்டு, தரகு அலுவலகத்துக்குப் போக வேண்டியதையும் மறந்து, வெளியே போய்விட்டேன். பெட்டி அங்கேயே இருந்தது. மூடியில் முழு அன்னாசிப் படம் போட்ட பெட்டி.

5. மூன்று நாற்பதுக்கு முதல் வண்டி வந்தது. மாசூ தேவியின் பிறந்தநாளை ஒட்டி ஒரு கோயிலில் நடந்த விருந்தில் இறால் கெட்டிருந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முப்பத்தெட்டுப் பேர், வாயைப் பொத்திக்கொண்டு. உயிருக்கு ஆபத்தானவர் எவருமில்லை, எல்லோரும் குணமடைந்தார்கள். ஆனால் உட்கார நாற்காலி இல்லை, வாந்தி பிடிக்கப் பாத்திரம் இல்லை. அப்போதுதான் யாரோ மேசையைப் பார்த்திருக்கிறார்கள். கான் அவர்கள் கேட்டது, அங்கிருந்த மூவர் ஒரே மாதிரி சொன்னபடி: "எவ வேல இது? யாரு கொண்டுவந்து வச்சது?" ஆய்வுக்கான பெட்டியோடு வெளியாள் ஒருவன் முகப்பு மேசை வரை வந்துபோனது தெரிந்தால் எங்கள் ஆய்வு அன்றே நின்றுபோகும். அது யி-ரோவுக்குத் தெரியும். "நான்தான்க்கா" என்று சொல்லியிருக்கிறாள்.

6. பணி நேரம் நான்கு மணிக்கு முடிந்தும் அவள் போகவில்லை. அன்றைய பணிப் பதிவேட்டில் கான் அவர்கள் தம் கையாலேயே எழுதியுள்ள வரி இது: 'பயிற்சி மாணவி ஃபான் ஆறரை வரை ஒருமுறைகூட உட்காரவில்லை.' அதே கையெழுத்தில், அதே தேதியிட்ட நிகழ்வு அறிக்கையில் உள்ள வரி இது: 'நோயாளர் எண்ணிக்கை திடீரென உயரக் காரணமான பொருளைப் பணியிடத்துக்குக் கொண்டுவந்தார்.' இரண்டாவது வரியின் பேரில் அவளுடைய பயிற்சி மதிப்பெண் 52 ஆக்கப்பட்டுள்ளது. தேர்ச்சிக்கு 60 வேண்டும்.

7. இதனால் அவள் ஜூலையில் நடக்கும் செவிலியர் உரிமத் தேர்வை எழுத முடியாது. அவள் பெங்ஹூவின் ஒரு சிறு தீவைச் சேர்ந்தவள். ஊருக்குத் திரும்பி வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துப் படிக்க வந்தவள். அவள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் புத்தாண்டிலிருந்து செவிலியர் இல்லை. ஆகஸ்டில் அவள் வருவாள் என்று அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியல் ஒட்டப்பட்ட மே 12 அன்றுதான் எனக்கு விஷயமே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "விடுடா. அடுத்த வருஷம் எழுதிக்கறேன். தீவு எங்கயும் போயிடாது" என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8. அறிக்கையில் உள்ள 'காரணமான' என்ற சொல்லைக் குறித்து, ஓர் ஆய்வு மாணவனாகச் சிலவற்றைப் பணிவுடன் கேட்கிறேன். முப்பத்தாறு நாள் எண்ணியும் அன்னாசிக்கும் வருகைக்கும் எந்தத் தொடர்பையும் நாங்கள் காணவில்லை. மருத்துவமனை ஒரே மாலையில் கண்டுபிடித்திருக்கிறது. அவர்களிடம் உள்ள சான்றுகளைக் காட்டினால் நாங்கள் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே பார்க்க ஆசைப்படுகிறேன். அடுத்து, அந்த முப்பத்தெட்டுப் பேரும் இறாலைச் சாப்பிட்டது மதியம் பன்னிரண்டரைக்கு. பெட்டி வந்தது மூன்றே காலுக்கு. சாப்பிட்டு முடித்த இறாலைப் பின்னால் வந்த பெட்டி எப்படிக் கெடுத்திருக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

9. இனி எழுதப்போவது எங்களுக்கே பாதகமானது. ஆயினும் மறைப்பதற்கில்லை. கேக்கில் எவ்வளவு அன்னாசி இருக்கிறது என்று எழுத்தில் வாங்கலாம் என்று மே 14 அன்று யூ பெரியவரிடம் போனேன். "அன்னாசியா? அதுல ஏது தம்பி அன்னாசி? எல்லாம் வெண்பூசணி. அன்னாசி போட்டா நார் பல்லுல மாட்டும், புளிக்கும். எங்கப்பா காலத்துலேந்தே பூசணிதான். வாசனைக்குக்கூட ஒரு துளி கெடையாது. இது தெரியாமலா இத்தன நாள் வாங்கின?" என்றார். அவருடைய கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்துள்ளேன். ஆக, ஏப்ரல் 17 அன்று அவசரப் பிரிவின் மேசையில் இருந்த பெட்டியில் அன்னாசி இல்லை.

10. கடையிலும் தரகு அலுவலகத்திலும் நாங்கள் வைத்த பெட்டிகளிலும் இல்லை என்பதே இதன் மறுபக்கம். ஜுன்-காயிடம் சொன்னபோது அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப நாம இத்தன நாளா பூசணிக்காயவா ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தோம்? இத இறுதி அறிக்கையில எப்படிடா எழுதுவ?" என்றான். எழுதத்தான் வேண்டும். எங்கள் திட்டத்துக்கு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். அதற்கு நான் தயார்.

11. மே 16 அன்று யூ பெரியவரின் கடிதத்துடன் கான் அவர்களை நேரில் கண்டேன். பெட்டி என்னுடையது என்பதையும் அப்போதே சொன்னேன். ஒரு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெட்டி விஷயம் கேலியோடு முடிந்துவிடும் என்று நானே எண்ணிக்கொண்டு வாயை மூடியிருந்தேன், அது கோழைத்தனம். அவர் கடிதத்தை இருமுறை படித்தார். பிறகு, "பழம் வரல சரி, பேரு வந்துச்சுல்ல? வர்றதெல்லாம் பேருக்குத்தான் தம்பி, பழத்துக்கில்ல" என்றார். அம்மையீர், எங்கள் மூன்று பேருக்கும் தோன்றாத கருதுகோள் அது. செயலைச் செய்வது பழமா, சொல்லா? உரித்த அன்னாசியைப் பெயர் சொல்லாமல் ஓரிடத்தில் வைத்து, அன்னாசி என்று எழுதிய பூசணியை மற்றோரிடத்தில் வைத்தால் தெரிந்துவிடும். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், யி-ரோவின் நிலைமையைக்கூடச் சற்று மறந்துவிட்டேன். அதற்காகவும் வெட்கப்படுகிறேன். கான் அவர்கள் மேல் எனக்குப் புகார் ஏதுமில்லை. அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த மேசையில் நின்றவர். அறிக்கை தம் கையைவிட்டுப் போய்விட்டதென்றும், மதிப்பெண்ணை மாற்றத் தங்கள் ஒப்பம் வேண்டுமென்றும் அவரே சொன்னார்.

12. ஆகவே தங்களை வேண்டுவது: நிகழ்வு அறிக்கையில் ஃபான் யி-ரோ என்ற பெயரை நீக்கி என் பெயரை எழுதச் செய்ய வேண்டும். அவளுடைய மதிப்பெண்ணை அன்றைய பணிப் பதிவேட்டின் வரியைக் கொண்டு மீண்டும் கணக்கிடச் சொல்ல வேண்டும். அனுமதி மீறியதற்கான தண்டனையை எனக்கு அளிக்க வேண்டும். தண்டனைக்குப் பிறகும் நான் மாணவனாக இருப்பேனாகில், பழமா பெயரா என்று பார்க்க மேலும் முப்பது நாள் அனுமதி வேண்டும். மருத்துவமனையை இம்முறை விட்டுவிடுகிறோம்.

13. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஏப்ரல் 17 மாலை ஏழு மணிக்குப் பெட்டியின் நினைவு வந்து திரும்ப ஓடினேன். கூட்டம் ஓய்ந்திருந்தது. கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே கான் அவர்களின் குரல் கேட்டது: "வர வேண்டியது வந்தாச்சு. இனி என்ன இருக்கு, பசிக்குது, பிரிங்க அந்தப் பெட்டிய." அன்று பணியில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதற்குப் பிறகு பதினொரு மணி வரை அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் மூன்றே பேர். நாங்கள் எண்ணிய நாள்களில் மிகக் குறைவான மாலை அதுதான். இது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, அறிக்கையிலும் இல்லை.

யி-ரோ வெளியே வந்து பெட்டியை என்னிடம் கொடுத்தாள். "இந்தா உன் பெட்டி. ஒண்ணு மிச்சம் இருக்கு, நீ சாப்பிடு" என்றாள். அது மிச்சம் இல்லை, அவளுடைய பங்கு என்று மே 16 அன்று கான் அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். மதியத்திலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தப் பெட்டிக்காகத் தண்டிக்கப்பட்டவள் ஒருத்திதான் அதிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளாதவள்.

அந்தத் துண்டை உறை பிரிக்காமல் இம்மனுவுடன் இணைத்துள்ளேன். தாங்கள் சோதித்துப் பார்க்கலாம், பூசணிதான். ஆனால் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் பாதியையாவது திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன், அது அவளுக்குச் சேர வேண்டியது. உறையில் அச்சிட்டுள்ள கெடு மே 31. பயிற்சி மதிப்பெண்கள் இறுதியாவதும் அதே நாளில்தான்.

அதற்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டுகிறேன்.

இடம்: சியாயி
நாள்: குடியரசு ஆண்டு 114, மே 20

இப்படிக்கு,
அந்தப் பெட்டியை மேசையில் மறந்தவன்,
துங் போ-ஷெங்
(கையொப்பம்)