மூன்றாவது பாட்டில் ஒரு நிறுத்தம்

ஹெரெஸ்,
6 நவம்பர் 1966

அன்புள்ள அகுஸ்தீனுக்கு ரெமெ எழுதுவது.

இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். நீயும் நம் மகள் மிலாவும் மாட்ரிட் குளிரில் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒயின் கிடங்கிலிருந்து வந்து, கையில் ஒட்டியிருந்த லேபிள் பசையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பாக்கா சுவரைத் தட்டினாள். "ஏய் ரெமெ, ஓடி வாடி! உன் வீட்டுக்காரர் ரேடியோவுல வர்றார்!" நான் போய்ச் சேர்வதற்குள் பாதித் தெரு அவள் சமையலறையில் இருந்தது. உன் புது இசைத்தட்டு முழுவதையும் போட்டார்கள். பாடுகிற குரலும் இல்லை, ஆட்டமும் இல்லை, தனிக் கிட்டார். கை தட்டினார்கள். பாக்கா அழுதுவிட்டு, எனக்கும் சேர்த்து இரண்டு கோப்பை ஊற்றினாள்.

பாஸ்தியான் மாமாவை உனக்குத்தான் தெரியுமே. அறுபது வருடம் பாடியவர், எவனையும் லேசில் மெச்ச மாட்டார். "விரல் நல்லா ஓடுது, இல்லேங்கல. ஆனா அந்த மூணாவது பாட்டுல வரி நடுவுல போய் நிக்குதே, யாருக்காக நிக்குது?" என்று கேட்டார். நான் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஜனவரியில் நீ மிலாவைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறியபோது உன் இடது கை மோதிர விரல் மடங்கவே இல்லை. சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட்டேன். எந்தப் புனிதர் தொட்டுக் குணமாக்கினார்? பெயரைச் சொன்னால் என் முழங்காலுக்கு நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

மிலா ஏன் எழுதுவதில்லை? ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வரி கிடையாது. பள்ளிக்கூடத்தில் எழுதத்தானே சொல்லித் தருகிறார்கள்?

உன்,
ரெமெ

மாட்ரிட்,
11 நவம்பர் 1966

என் பிரியமான ரெமெவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம் பேட்டையே உட்கார்ந்து என் தட்டைக் கேட்டது என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? பாஸ்தியான் மாமாவிடம் சொல், அந்த நிறுத்தம் புதுப் பாணி. மாட்ரிட்டில் இப்போது அப்படித்தான். அவர் காலத்தில் கிட்டார்க்காரன் பாடகருக்குப் பின்னால் வேலைக்காரன் மாதிரி ஓடினான். இன்றைக்குக் காலம் மாறிவிட்டது.

விரலுக்கு இங்கே ஒரு டாக்டர் இருக்கிறார். வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி வைப்பார். மூன்றே மாதத்தில் சரியாகிவிட்டது. உன் முழங்காலுக்கும் கேட்டு எழுதுகிறேன்.

மிலா நன்றாக இருக்கிறாள். என் அக்கா கொன்சுவேலோதான் காலையில் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறாள். கணக்கும் பூத்தையலும் படிக்கிறாள். அவள் கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ரயிலடியில் நீ வாங்கிக்கொண்ட சத்தியத்தை நான் மறக்கவில்லை. அவளுக்குப் பதினாறு வயதுவரை மேடையும் இல்லை, கூலிக்கு வாசிப்பதும் இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்வேன். இந்த ஊருக்கே இப்போது குட்டி மேதைகள் மேல் பைத்தியம். கால் தரையை எட்டாத ஒரு பையனை முக்காலிமேல் உட்கார்த்தி வாசிக்க விடுகிறார்கள், பெரிய மனிதர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். பெரிய கிட்டார்க்காரனை உருவாக்குவது விரல்தான் ரெமெ. பன்னிரண்டு வயதுக்குள் விரல் ஓடிவிட வேண்டும், பிறகு ஓடாது. இதை மிலாவை மனதில் வைத்துச் சொல்லவில்லை.

நீ பாஸ்தியான் மாமா வீட்டுக்கு அடிக்கடி போவதாகக் கேள்விப்பட்டேன். மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டாயா? உனக்கு யார் வாசிக்கிறார்கள்?

முத்தங்களுடன்,
அகுஸ்தீன்

ஹெரெஸ்,
16 நவம்பர் 1966

அன்புள்ள அகுஸ்தீனுக்கு,

எனக்கு யாரும் வாசிக்கவில்லை. மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கொண்டைக்கடலைக் குழம்பு எடுத்துக்கொண்டு போகிறேன். உனக்குச் சேதி சொன்னது யாரோ, குழம்பையும் பார்த்திருப்பானே, அதை ஏன் விட்டுவிட்டான்?

மிலா பூத்தையல் போடுகிறாள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் ஊசியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவள் அவள். கன்னியாஸ்திரீகள் கெட்டிக்காரிகள்தான்.

நீ முக்காலிப் பையனைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. எட்டு வயதில் என்னை மேஜைமேல் ஏற்றிவிட்டார்கள், நினைவிருக்கிறதா? "பாடுடி குட்டி, இன்னொண்ணு பாடு" என்று கல்யாணத்துக்குக் கல்யாணம், ஊருக்கு ஊர். அப்பாவுக்கு என் வயிற்றுவலி தெரியாது, தூக்கம் தெரியாது, என் குரல் மட்டும்தான் தெரியும். பதினைந்தில் அது உடைந்தது. இன்றைக்கு ஒரு வரியை முழுசாக இழுக்க எனக்கு மூச்சு கிடையாது. அதனால்தான் அந்தச் சத்தியம் வாங்கினேன். பிடிவாதத்துக்காக அல்ல.

போகட்டும். குளிர் வந்துவிட்டது, அவளுக்குக் கம்பளிக் கையுறை பின்னப்போகிறேன். பத்து மாதத்தில் கை எவ்வளவு வளர்ந்ததோ தெரியவில்லை. ஒரு தாளில் அவள் கையை விரித்து வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. இரண்டு கையும் வேண்டும்.

ரெமெ

மாட்ரிட்,
24 நவம்பர் 1966

பிரியமுள்ள ரெமெவுக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம். கை வரைந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது கை. வலதும் அதே அளவுதானே, திருப்பிப் போட்டுப் பின்னிக்கொள். பிள்ளை அவசரமாகப் பள்ளிக்கூடம் கிளம்பினாள், நிற்க நேரமில்லை.

கையுறை சாக்கில் நீ என்னை விசாரணை செய்வது எனக்குப் புரியாமல் இல்லை. நான் என்ன குழந்தைத் திருடனா? அவள் எனக்கும் மகள்தான். நீ கிடங்குக்குப் போய் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வருவாய், அவள் தெருவில் திரிவாள். இங்கே அக்கா இருக்கிறாள், சூடாகச் சாப்பாடு இருக்கிறது. உன் அப்பா செய்ததற்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

இன்னொன்று. நீ என் தட்டைப் பற்றிக் கிடங்கில் ஏதோ பேசியதாகச் சொல்கிறார்கள். வேண்டாம். கம்பெனிக்காரர்கள் காதுக்குப் போனால் என் சோற்றில் மண் விழும்.

அகுஸ்தீன்

ஹெரெஸ்,
28 நவம்பர் 1966

அகுஸ்தீன்,

கிடங்கில் நான் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியதை உன்னிடமே பேசுகிறேன்.

வலது கையை ஏன் அனுப்பவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கன்னியாஸ்திரீகள் பெண் பிள்ளைகளை நகம் வளர்க்க விடமாட்டார்கள். கிட்டார் வாசிக்கிற வலது கைக்கு நகம் வேண்டும். பென்சில் கோடு அந்த நகத்தைச் சுற்றித்தான் போயிருக்கும். நீ யோசித்திருக்கிறாய். அந்தக் கோட்டில் நகம் இல்லாமல் இருந்திருந்தால், சந்தேகப்பட்ட பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க நானே பாதிரியாரிடம் போயிருப்பேன்.

ஆனால் எனக்குத் தாளே வேண்டியதில்லை. ரேடியோவிலேயே தெரிந்துவிட்டது. பாக்கா வீட்டில் எல்லோரும் கை தட்டியபோது நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மூன்றாவது பாட்டு நம் சோகப் பாட்டான சொலெயா, நான் பாத்திரம் கழுவும்போது பாடுவது. ஐந்து வயதிலிருந்து மிலா அடுப்போரம் உட்கார்ந்து அதற்கு வாசித்திருக்கிறாள். இரண்டாவது வரியில் நாலாவது சொல்லோடு எனக்கு மூச்சு தீர்ந்துவிடும். உலகத்தில் ஒரு பாடகரும் அங்கே மூச்சு விடமாட்டார், விட்டால் சிரிப்பார்கள். மிலா மட்டும் அந்த இடத்தில் நிற்பாள், கிட்டார்ப் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள், நான் மூச்சு வாங்கியதும் தொடருவாள். பாடுகிறவளே இல்லாத இசைத்தட்டில் அந்தக் கிட்டார் எனக்காக நிற்கிறது.

அது நீ இல்லை. பதினொரு வருடம் எனக்கு வாசித்திருக்கிறாய், ஒரு தடவைகூட நீ எனக்காக நின்றதில்லை.

இப்போது ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாளா இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறாய்?

ரெமெதியோஸ்

மாட்ரிட்,
5 டிசம்பர் 1966

ரெமெ,

நாலு தாள் கிழித்துப்போட்டேன். இது ஐந்தாவது.

விரல் மடங்கவில்லை. மெழுகு வைத்தியம் பார்த்தது உண்மை, பலிக்கவில்லை என்பதும் உண்மை. தட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தேன். பதிவு அன்றைக்கு ஒரு வரிகூட வரவில்லை. வெளியே ஓடிப்போய் அழுதேன். திரும்பி வந்தால் மிலா என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, நான் வாசிக்கறேன். நீ அழாத" என்றாள். ஆறு பாட்டு, ஒரே மூச்சில். பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பெண் பிள்ளை கிட்டார் வாசித்தால் எவன் வாங்குவான், உன் பேரையே போடுகிறோம் என்றான் கம்பெனிக்காரன். நான் சரி என்றேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரலிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. ஆறு மணிநேரம், சில நாள் ஏழு. அவள் உனக்கு எழுதியவற்றை நான் தபாலில் போடவில்லை. பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. என்னைத் திட்டு, எனக்குத் தகும்.

ஆனால் இப்போது ஒரு சங்கடம், உன்னால்தான் தீரும். இரண்டாவது தட்டுக்கு மலாகா பக்கத்துப் பெரிய பாடகர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் பாட, இவள் வாசிக்க வேண்டும். அந்த சொலெயா வந்ததும் நீ சொல்கிற இடத்தில் நின்றுவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி நின்றாள். ஒன்பது தடவை! "பாப்பா, என் வாயைப் பாத்து வாசி" என்று கெஞ்சினார் மனிதர். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்கதான் தப்பான இடத்துல மூச்சு விடுறீங்க." நான் அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை, சத்தியமாக அடிக்கவில்லை.

பத்து நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். நீ ஒரு வரி எழுது ரெமெ. அந்த இடத்தில் நிற்காதே என்று நீ சொன்னால் போதும். இது நடந்துவிட்டால் அவளைப்போல ஒரு கிட்டார்க்காரி இந்த நாட்டிலேயே இருக்க மாட்டாள். உனக்கும் அதில் ஆசை இல்லாமலா இருக்கும்?

அகுஸ்தீன்

ஹெரெஸ்,
9 டிசம்பர் 1966

அகுஸ்தீன்,

உன் விரலுக்காக அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ என்னிடம் சொல்லியிருந்தால் சேர்ந்து அழுதிருக்கலாம். அவள் எழுதியதைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாயே, அதற்கு மட்டும் என்னிடம் மன்னிப்பு இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கும் ஆசை உண்டு. உன்னைவிட அதிகம். ரேடியோவில் கேட்டபோது பயந்ததைவிடப் பெருமைதான் முதலில் வந்தது, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆகவே இதை நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பாடகர் சொன்னதுதான் சரி. எதிரில் பாடுகிறவர் வாயைப் பார்க்க வேண்டும், அவர் மூச்சுக்கு நிற்க வேண்டும். விரல் ஓடுவது இரண்டாம் பட்சம், அதைக் குரங்குக்கும் பழக்கலாம். மிலா அவரைப் பார்க்கவில்லை. எத்தனை பேர் எதிரில் நின்று பாடினாலும் அவள் காது என் அடுப்படியில் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அதை மேதைமை என்று எழுந்து நின்று பார்த்தீர்கள். பாஸ்தியான் மாமா புதிர் என்று நினைத்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பத்து மாதமாக அம்மாவைத் தேடுகிறது அகுஸ்தீன், வேறொன்றும் இல்லை. வாயால் சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று கிட்டாரில் சொல்கிறாள். அதையும் நிறுத்தச் சொல்லி என்னையே எழுதச் சொல்கிறாய்.

எழுத மாட்டேன். நேரில் வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை வண்டியில் மாட்ரிட் வந்து சேருவேன். அவளுடைய துணிமணி, கிட்டார், அந்தப் பெட்டி எல்லாவற்றையும் ரயிலடிக்கு எடுத்து வா. கொன்சுவேலோ அக்காவும் வரட்டும், அவளிடமும் நாலு வார்த்தை இருக்கிறது. ஒரு நாள் மிலா பெரிய கிட்டார்க்காரி ஆகலாம். இங்கே மாமாவுக்கு வாசிக்கட்டும், வரியைப் பாதியில் மறக்கிற பாக்காவுக்கு வாசிக்கட்டும், பத்துப் பேர் பத்து இடத்தில் மூச்சு விடுவதைக் கேட்கட்டும். ஆகாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

தட்டில் உன் பெயர் இருக்கட்டும். அது உன் வாசிப்பு இல்லை என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், மாமா கேட்டாலும் சொல்ல மாட்டேன். இது பேரம் இல்லை. உனக்கு இனி அது ஒன்றுதான் மிச்சம் என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

இன்று மத்தியானம் ரயில் நிலையத்துக்குப் போனேன். எனக்குப் போக ஒன்று, திரும்பி வர எனக்கும் அவளுக்கும் இரண்டு என்றேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன், "வேற யாருக்காவது வேணுமாம்மா?" என்று கேட்டான். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. யோசித்தேன். போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரெமெதியோஸ்