காரை விட்டு இறங்காதவன்

இன்று தேவாலயத்தில் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவ, எலுமிச்சை வாசச் சோப்பை ஊற்றினேன். சட்டென்று நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. நான் கழுவ நீ துடைப்பாய். துடைத்தபடியே கதை சொல்வாய்.

உலகப்போர் முடிந்த காலத்து அமெரிக்க, கனடாச் சிறுகதைகள் என்றால் உனக்கு அப்படியொரு பைத்தியம். அந்தக் கதைகளில் யாரும் மனம் நொந்தது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். புல் வெட்டுவார்கள், சட்டை மடிப்பார்கள். மனம் அதற்குள் கிடக்கும். நீ சொன்னால் அவர்கள் நமக்கு அடுத்த தெருக்காரர் ஆகிவிடுவார்கள்.

மார்கரெட் என்று ஒருத்தி வரும் கதையில் அதுதான் வினையாகிப் போனது. போருக்குப் போய்வந்த அவள் புருஷன், வேலை முடிந்து வந்தால் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே இருக்கிறான். நீ பெருமூச்சு விட்டுச் சொன்ன விதத்தில், அடுத்த ஞாயிறு செபமாலை முடிவில் மன்னார் பிலோமினா அக்கா, அவளை உண்மையான ஆள் என்றே நம்பி, "எங்கட மார்கரெட்டின்ர குடும்பத்துக்காகவும் மன்றாடுவம்" என்றார். முழு மண்டபமும் மன்றாடியது. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! நீயோ கண்ணை மூடி உருகி நின்றாய். வெளியே வந்து கேட்டதற்கு, "செபம் சொன்னா அவளுக்கு என்ன நட்டம்?" என்றாய், கள்ளி.

ஆனால் அந்தக் கதை எனக்கு விளையாட்டாக இருக்கவில்லை. என் மனுசனும் அப்படித்தான். ஊரில் சண்டைக்குள் அகப்பட்டு, ஜெர்மனியில் பல காலம் தனியே கிடந்து, இங்கே லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் நெடுநேரம் காருக்குள்ளேயே இருப்பார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் என்று நினைத்து, ஸ்ட்ரெதமில் இருக்கும் அக்காவிடம் போய்விட முடிவெடுத்திருந்தேன். அது உனக்கு மட்டும்தான் தெரியும்.

கதையின் முடிவைக் கேட்டேன். ஒருநாள் மார்கரெட் போய் மற்றக் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் இருக்கிறாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதென்னடி முடிவு? அவன் ஏன் இறங்கேல்லை எண்டு எழுதேல்லையே?"

"எடியே, காரணம் தெரிஞ்சாத்தான் பக்கத்தில இருப்பியோ?"

அன்று மாலை நான் போய்க் கார்க் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி இருந்தேன். அவர் திடுக்கிட்டார். பிறகு, "குளிருதோ?" என்று கேட்டு ஹீட்டரைப் போட்டார். அக்காவிடம் நான் போகவில்லை.

நம்மை ஒருநாளும் காணாத யாரோ ஒருவர், எங்கோ பனிக்குள் இருந்து, என் வீட்டு வாசலை எப்படி அறிந்து எழுதினார்? மனதைப் பற்றி ஒரு வரிகூட விளக்காமல், ஒரு கார்க் கதவால் எப்படிக் காட்டினார்? இப்போது அந்தப் புத்தகங்களை ஃபாரஸ்ட் கேட் நூலகத்தில் நானே எடுத்து வாசிக்கிறேன். யாரையும் பார்த்தவுடன் இன்ன மாதிரி ஆள் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, என்னால் காரை விட்டு இறங்க முடியவில்லை. அவர் இறங்கி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் இருந்தார். மார்கரெட்டின் கதையை நான் அவருக்குச் சொன்னதே இல்லையடி.