பதினொரு மணிக்குப் போகும் சிக்னல்

பிப்ரவரி 4
இன்றைக்கு மூன்று பெட்ஷீட், இரண்டு வேட்டி. பக்கவாதம் வந்து இவர் படுத்த படுக்கையானதிலிருந்து தினமும் இதே துவையல். மொட்டை மாடிப் பொதுக்கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அசோசியேஷன் செகரட்டரி தனபாலன் வந்து நின்றார். "நோயாளித் துணி மேடம்... மத்தவங்க சங்கடப்படறாங்க. வேற எங்கயாவது..."

"சோப்புப் போட்டுத் துவைச்ச துணிக்கு என்ன நோய்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைக்குப் போய்ப் புதுக்கயிறு வாங்கி, தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கும் எங்கள் டிஷ் கம்பத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினேன். என் டிஷ், என் கொடி. எவன் கேட்கிறான் பார்க்கலாம்.

பிப்ரவரி 6
பதினொரு மணிக்கு டிவியில் சிக்னல் இல்லை. நேற்றும் இப்படித்தான், நாலு மணிக்குத் தானாக வந்தது. கிரிக்கெட் ஓடினால்தான் இவர் சாப்பிட வாய் திறப்பார், பழைய மேட்ச் ஆனாலும் சரி. செல்போனில் காட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறார். மதியச் சாதம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 9
கஸ்டமர் கேரில் "மழை மேகமா இருக்கும் மேடம்" என்கிறாள். மந்தைவெளியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது! பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணுமாம். இருபது தடவை பண்ணியாச்சு.

பிப்ரவரி 11
டெக்னீஷியன் ஷரீஃப் வந்தார் — சாயங்காலம் ஆறு மணிக்கு. படம் பளிச்சென்று ஓடுகிறது. "நல்லாத்தாம்மா கீது" என்றார். "பகல்ல வாய்யா, பகல்ல!" என்று கத்திவிட்டேன். புகார் முடிந்தது என்று மெசேஜ் வருகிறது. யார் முடித்தது? நான் முடிக்கவில்லை.

பிப்ரவரி 12
நாலாவது புகார்.

பிப்ரவரி 14
இவர் எடை இரண்டு கிலோ குறைந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் மூக்கு வழியாக ட்யூப் போட வேண்டும் என்கிறார் டாக்டர். பயமாயிருக்கு. ட்யூப் போட விடமாட்டேன். அந்தக் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்காவிட்டால் நான் மீனாட்சி இல்லை.

பிப்ரவரி 16
ஷரீஃப் பன்னிரண்டு மணிக்கே வந்தார். மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டிஷ்ஷைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஈர பெட்ஷீட்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். வளைந்திருந்த கம்பம் நிமிர்ந்தது. நேர் கீழே எங்கள் வீட்டில் டிவி கத்த ஆரம்பித்தது.

"வெயிட்டு இழுக்குதும்மா. துணி போட்டா போவுது, எடுத்தா வருது. அவ்ளோதான்."

பதினொன்றுக்குத் துணி போடுகிறேன், நாலுக்கு எடுக்கிறேன். பன்னிரண்டு நாள். நானேதானா! வீம்புக்குக் கட்டின கயிறு இவர் வாயைக் கட்டியிருக்கிறது. ஷரீஃபிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தின் நட்டை முறுக்கினார். கயிற்றை நானே அறுத்தேன்.

பிப்ரவரி 17
பொதுக்கொடியின் நட்டநடுவில் மூன்று பெட்ஷீட், இரண்டு வேட்டி. தனபாலன் வந்தார்.

"மேடம், அன்னிக்கே சொன்னேனே..."

"ஆமா, சொன்னீங்க" என்று இரண்டாவது வேட்டியை நன்றாக உதறிப் போட்டேன். தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது. இறங்கிப் போய்விட்டார்.

மதியம் இவர் ஒரு கிண்ணம் ரசஞ்சாதம் சாப்பிட்டார். நடுவில் அம்பயரைத் திட்டினார். வாய் குழறல்தான், ஆனால் கெட்ட வார்த்தை எனக்கு நன்றாகவே புரிந்தது. இன்னொரு கரண்டி போட்டேன்.