கட்டிலுக்கடியில் மீன் டப்பா

புரட்டாசி இரண்டாம் சனி, இரவு

ஜப்பானிய மொழி என்றால் எனக்கு உயிர். அவர்கள் தின்னும் பச்சை மீன்தான் தொண்டையில் இறங்காது. இன்று வகுப்பில் கொடுத்தார்கள். டீச்சர் மனம் நோகக்கூடாதென்று கைக்குட்டையில் ஒளித்துவிட்டேன். தட்டு காலியானதைப் பார்த்து, எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினார். வீசலாம் என்றால் வாசலில் அப்பா நின்றார். இப்போது அது கட்டிலுக்கடியில் இருக்கிறது.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சியே கூடாது. "அந்த வகுப்புக்குப் போனா அவங்க சாப்பாடும் ஒட்டிக்கும்லா" என்று அப்பா நான் சேர்ந்த அன்றே சொன்னார். தெரிந்தால் வகுப்பை நிறுத்திவிடுவார்.

"எங்கேருந்து கவிச்சி அடிக்குது?" என்று அம்மா கேட்டார்.

"பக்கத்து வீடும்மா."

"அவங்கதான் வீட்டைப் பூட்டிட்டு பாலிக் புலாவுக்குப் போயிட்டாங்களே."

அம்மா ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டு வருகிறார். தம்பி அறை விளக்கு இப்போதுதான் அணைந்தது. அடுத்தது என்—