கூட்டிப்போக வரும் இரண்டாவது ஆள்

அக்கா,

இன்று காலை மழை. தூத்துக்குடியில் அது அபூர்வம் என்பதால் போட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று வண்டி டிக்கியின் அடிவரை துழாவவேண்டியிருந்தது. உங்கள் நீல ரெயின்கோட் கிடந்தது. என் வண்டியை வாங்கிக்கொண்டு பாப்பாவைக் கூட்டிவரப் போன ஏதோ ஒரு நாளில் வைத்திருப்பீர்கள். பிரித்ததும் உங்கள் தலைவலித் தைலத்தின் வாசனை. கோட்டுப் பைக்குள் நமத்துப்போன பிஸ்கட். மழையில் நின்றுகொண்டே ஒன்றைத் தின்றேன். பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள்.

நம் கிளியரிங் ஆபீஸில், ஏற்றுமதிக் கன்டெய்னர் பெட்டி துறைமுகத்துக்குள் போகவேண்டிய கெடு நாளில், அதன் காகிதங்களை அடிக்கும் என்னால் மாலை ஏழு மணிக்கு முன்னால் சீட்டைவிட்டு எழுந்திருக்க முடியாது. கிரச்சோ ஆறு மணிக்கு மூடிவிடும். என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில் மாதக்கணக்காகக் கடலில். அம்மா இல்லை. மாமியார் வேம்பாரில் படுத்த படுக்கை. ஐந்தரைக்கு என் முகம் போகும் போக்கைப் பார்த்து நீங்களே எழுந்துவிடுவீர்கள்.

"ஏளா, நீ பெட்டிய அனுப்பு. பிள்ளைய நான் கூட்டிட்டு வாரேன்."

கிரச் ஃபாரத்தில், கூட்டிப்போக வரும் இரண்டாவது ஆள் என்ற இடத்தில் உங்கள் பெயரும் நம்பரும் ஏறியது அப்படித்தான்.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் நான் கையை நீட்டினேன். ஒன்றரை வயதுப் பாப்பா வரவில்லை. உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உங்களைப் பார்த்து "அம்மா" என்றாள். நீங்கள் பதறிப்போனீர்கள்.

"ஏட்டி, நான் பெரியம்ம. ஒங்கம்ம அங்கன நிக்கா பாரு."

நான் பாப்பாவை இழுத்து வாங்கிக்கொண்டேன். கல்யாணமே வேண்டாம் என்று இருந்த உங்களுக்கு என் பிள்ளை எதற்கு என்றுகூட நினைத்தேன். மறுநாள், "நாத்தனார் வந்திருக்கா, இனி அவ கூட்டிக்கிடுவா" என்றேன். எனக்கு நாத்தனாரே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். "சரிளா" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதன்பிறகு பத்து நாள் நானே ஓடினேன். ஓட்டத்தில் ஒரு பெட்டியின் எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். பெட்டி துறைமுக வாசலிலேயே நின்றது. கப்பல் போய்விட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். "நான் சரிபாக்காம விட்டுட்டேன் சார்" என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள். அன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வாரமே கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று உங்கள் ஊர் சாத்தான்குளம் போனீர்கள். மாரடைப்பு, போய்விட்டீர்கள் என்று தகவல் வந்தது.

எட்டு மாதம் ஆகிறது. ஐந்தரை மணிக்கு இப்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் சொல்வதற்கு ஆள் இல்லை. கடலில் இருக்கும் மனிதருக்குச் சொன்னால் அவரும் சாப்பிடாமல் கிடப்பார். தனியாக இருக்கிறேன் அக்கா. ஃபாரத்தில் உங்கள் பெயரை எடுக்கவில்லை. வேறு யார் பெயரைப் போடுவேன்?

இன்று சாயங்காலம் சாலையெல்லாம் தண்ணீர். என் போனும் சார்ஜ் தீர்ந்து செத்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது ஆறே முக்கால். கிரச் டீச்சர் சொன்னார்: "ஒங்களுக்குப் போன் போகல. ரெண்டாவது நம்பருக்கு அடிச்சேன். அவங்க போன இப்ப வச்சிருக்க தம்பி எடுத்தாரு."

உங்கள் தம்பி அவரிடம் கேட்டாராம்: "எங்க அக்கா 'எம்மவ, எம்மவ'ன்னு சொல்லிட்டே இருக்குமே, அந்தப் பிள்ளையா? இந்தா கெளம்பிட்டேன். வேற யார்ட்டயும் விட்டுராதீங்க."

டீச்சரின் போனை வாங்கி உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். மழையில் பாதி வழி வந்திருந்தார். பாப்பா என்னிடம் இருக்கிறாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

என் காதுபட ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லையே அக்கா. எனக்குப் பயந்து, உங்கள் ஊரில் போய்ச் சொல்லிக்கொண்டீர்கள். என்னை மன்னியுங்கள்.

போனில் உங்கள் படம் வரும்போதெல்லாம் பாப்பா யார் என்று கேட்பாள். பெரியம்மா என்றுதான் சொல்லிவந்தேன். வீட்டில் போனுக்குச் சார்ஜ் ஏறியதும் இன்றும் கேட்டாள்.

அம்மா என்றேன்.