பொங்கக் கூடாத பால்

என் மாமாவுக்கு,

போனில் சொன்னால் சமாதானம் சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் முழு வீடு வாங்க உங்கள் மஸ்கட் சம்பளம் போதாது, எட்டில் ஒரு பங்காவது நமக்கென்று இருக்கட்டும் என்று வாங்கினீர்களே, எட்டுப் பங்குக்காரர்களும் முறை வைத்து ஒவ்வொரு வாரம் தங்கும் அந்த மஞ்சக்குட்டை வீட்டில் இந்த வாரம்தான் முதல் தடவையாக நம் முறை வந்தது. நீங்கள் சொன்னபடி பால் காய்ச்ச, உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புதுப் பானையோடு போனேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் விஜயகுமார் வாசலிலேயே பானையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, இந்த ஊட்ல ஏற்கெனவே ஏழு குடும்பம் பால் காய்ச்சிட்டாங்க. நீங்களும் காய்ச்சுங்க, ஆனா பொங்க உட்றாதீங்க. அடுப்பு கெட்டுப்போவுதுன்னு மத்த பங்குக்காரங்க சண்டைக்கு வர்றாங்க."

பொங்காத பாலை எதற்குக் காய்ச்ச வேண்டும், மாமா? அத்தை சோபாவின் ஓரத்தில், செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பானையைத் தூக்கிக்கொண்டு ஒண்டிக்கடையில் இருக்கும் நம் வாடகை வீட்டுக்கே திரும்பி வந்து, அடுப்பில் ஏற்றினேன். நன்றாகவே பொங்கி வழிந்தது. வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கொடுத்தேன்.

"நொம்ப சந்தோசம் கண்ணு" என்றார். "சொந்த ஊடுதான் ஆயிருச்சே, எப்ப காலி பண்றீங்க? டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு உடலாம்னு இருக்கறேன்."

மஞ்சக்குட்டையில் அடுத்து நம் முறை ஆடியில்தான் வருகிறது. அதுவரைக்கும் அத்தையும் நானும் எங்கே இருப்பது? சமாதானம் வேண்டாம், இடம் சொல்லுங்கள்.

கோபம் தீராமல்,
உங்கள் மனைவி