கழுவக் கூடாத சேறு

ஆழ்கடலைக் கயிறு விட்டு அளந்த என் அத்தானுக்கு,

யுத்தம் முடிந்துவிட்டது. துறைமுகத்தில் மறுபடியும் பருத்தி மூட்டைகள் ஏறுகின்றன. அக்காள் சுகம். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காரணம், நீர் விட்டுப்போன தகர டப்பா.

ஆராய்ச்சிக் கப்பலில் லஸ்கராக, கயிறிழுக்கும் கப்பலாளாகப் போனபோது, மேற்குக் கடலின் ஆழ்பள்ளத்தில் இறக்கிய குழாயில் ஏறிய சேற்றில் இரண்டு துண்டு கேட்டு வாங்கி வந்தீர். இரண்டு டப்பாவில் வைத்து மெழுகால் அடைத்து, "வெவரம் தெரிஞ்சவன் வார வரைக்கும் தொடாதலே" என்றீர்.

தொட்டேன் அத்தான். நீர் கண்மூடிய மறுமாதம் ஒன்றைத் திறந்தேன். அழுகல் நாற்றம். நம் கைக்கு வேறென்ன தெரியும்? சிப்பியை அழுகவிட்டு, நாறியதும் அலசித்தானே முத்தெடுத்தோம்? இதையும் தொட்டியில் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி அலசினேன். சில மீன் செதில்கள் மிஞ்சின. அக்காளிடம் பெருமையாகக் காட்டினேன்.

"ஏலே, கருவாட்டுக் கடையில இதவிடப் பெருசா கெடைக்குமே!" என்றாள்.

பிறகுதான் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். அந்தப் பள்ளத்துத் தண்ணீரில் பிராணவாயு இல்லையாம். ஆகவே சேற்றைக் கிளற புழுவில்லை, நண்டில்லை. விழுந்தது விழுந்தபடியே படிகிறது, வருஷத்துக்கு ஓர் ஏடாக. மழை பெய்ததும் பொய்த்ததும் அதில் இருக்கிறது. நான் அலசியது எத்தனை வருஷத்தை? யாரிடம் கேட்பேன்?

மிஞ்சிய டப்பாவோடு மீன் இலாகாவுக்குப் போனேன். அதிகாரி மூக்கைப் பொத்தினார். "ஜீவனே இல்லாத எடத்துச் சேறு. இதுல என்ன இருக்கு அண்ணாச்சி?"

"ஜீவன் இல்லாததுனாலதான்யா கலையாம இருக்கு! சில வருசம் சிப்பி ஏன் காணாமப் போகுதுன்னு மண்டையச் சொறியுதீரே, பழைய கடலு எப்படி இருந்துச்சுன்னு தெரியாம எங்கன போயிக் கண்டுபிடிப்பீரு?"

"நீரு எந்தக் காலேஜ்ல படிச்சீரு?"

"கால் நனையாத காலேஜ்ல படிக்கல!"

வீறாப்பாகத்தான் பேசினேன். ஆனால் இது ஒன்றுதானா என்று அவர் கேட்டபோது, ஒன்றுதான் என்று பொய் சொன்னேன். அதுதான் அறுக்கிறது.

மெழுகு விரிசல் விடுகிறது. உள்ளே காய்ந்தால் ஏடுகள் வெடித்துவிடும். கடலிலேயே போடச் சொல்கிறாள் அக்காள். போடமாட்டேன். திங்கட்கிழமை ரயிலில் மடியில் வைத்தே, விவரம் தெரிந்தவனைத் தேடிச் சென்னைக்குக் கொண்டுபோகிறேன். அங்கேயும் துரத்தினால் அடுத்த வாசல். கேட்க ஒருவர் உட்கார்ந்தால், முதலில் சொல்வேன்: இரண்டு இருந்தன, ஒன்றைக் கழுவியவன் நான்தான். இது சத்தியம்.

உம் சொல்லை ஒருமுறை மீறிய,
உம் மச்சினன்